செயின்ட்ஸ் ரோ ரீபூட்டை விமர்சகர்கள்தான் கொன்றார்களா?

நீங்கள் கேட்டது இது: 2022-ல் வந்த செயின்ட்ஸ் ரோ வீடியோ கேமை ஆஃபரில் வாங்கி முப்பது மணி நேரம் ஆடிவிட்டேன், நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு அறுபது சொச்சம், யூட்யூபில் ஏன் அத்தனை திட்டு, கடைசியில் ஏன் கம்பெனியையே மூடினார்கள், எல்லோரும் சேர்ந்து கொன்றுவிட்டார்களா? என் கண்ணுக்கு இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று அந்த கேமுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பது. இன்னொன்றை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி தெரிகிறது: ஊரே திட்டுவதை நான் ரசித்தேனே, எனக்குத்தான் ரசனை இல்லையா? இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ரசித்தால் ரசித்ததுதான், அதற்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. மீதிப் பதில் முழுக்க முதல் கேள்விக்கு.

நான் பத்து வருடத்துக்கு மேல் கேம் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவன், முதலில் அச்சுப் பத்திரிகையில், அப்புறம் இணையத்தில். இப்போது அந்த வேலையில் இல்லை. செயின்ட்ஸ் ரோ ரீபூட்டுக்கு, அதாவது பழைய தொடரைப் புதுக் கதையோடு முதலிலிருந்து தொடங்கிய இந்த கேமுக்கு, நான் விமர்சனம் எழுதவும் இல்லை, காசு கொடுத்து வாங்கி பிசியில் தனியாக ஆடி முடித்தேன். இருவர் சேர்ந்து ஆடும் கோ-ஆப் பக்கம் போகவே இல்லை, அதனால் அதில் வந்த புகார்களைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியாது. பழைய கேம்களில் முதல் பாகத்தை மட்டும் பாதியில் விட்டேன், மற்றதெல்லாம் ஆடியாயிற்று.

இந்த விஷயத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, மூன்று தனித்தனிச் சமாச்சாரங்களை ஒரே கதையாகக் கட்டுவது. 2021 ஆகஸ்டில் ட்ரெய்லரைப் பார்த்து ரசிகர்கள் கோபப்பட்டது ஒன்று. 2022 ஆகஸ்டில் விமர்சகர்கள் மதிப்பெண் போட்டது இரண்டு. 2023 ஆகஸ்டில் ஸ்டுடியோவை மூடியது மூன்று. மூன்றும் சொல்லி வைத்தாற்போல் ஆகஸ்டிலேயே வந்ததால் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த மாதிரித் தோன்றுகிறது. ஆனால் மூன்றிலும் ஆட்கள் வேறு, காரணங்களும் பெரும்பாலும் வேறு.

ட்ரெய்லரில் இருந்து ஆரம்பிப்போம். அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். வோலிஷன் என்கிற கம்பெனி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பெய்ன் என்ற சின்ன ஊரில் இருந்தது. 2006-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மட்டும் முதல் செயின்ட்ஸ் ரோ வந்தபோது எல்லோரும் அதை ஜிடிஏ என்ற புகழ்பெற்ற ரவுடி கேம் தொடரின் காப்பி என்றார்கள், ஓரளவு அது உண்மையும்கூட. 2008 ஏப்ரலில் ஜிடிஏ 4 வந்து, அந்தத் தொடர் ரொம்ப சீரியஸாக, கனமாக மாறியது. அதே வருடம் அக்டோபரில் செயின்ட்ஸ் ரோ 2 வந்தது. ஜிடிஏ காலி செய்த இடத்தில் இவர்கள் கூத்தடித்தார்கள், ஆனால் கூத்துக்கு நடுவே கதை கொடூரமாகவும் இருந்தது. கார்லோஸ் என்ற பையனை எதிரிக் கும்பல் லாரியின் பின்னால் சங்கிலியால் கட்டி இழுத்துக்கொண்டு போகும், கடைசியில் நாம்தான் அவனைச் சுட்டு அவன் வேதனையை முடித்து வைக்க வேண்டியிருக்கும். அந்தக் காட்சியை ஆடியவர்கள் மறக்கவே மாட்டார்கள். 2011-ல் மூன்றாம் பாகம் வந்ததும் தொடர் முழுக்கக் கோமாளித்தனத்துக்குத் திரும்பியது. 2013-ல் நான்காவதில் நம் ரவுடித் தலைவர் அமெரிக்க ஜனாதிபதி, வேற்றுக்கிரகவாசிகள் படையெடுப்பு, பறக்கும் சக்தி, பூமியே வெடித்துச் சிதறுகிறது. 2015-ல் நரகத்துக்குப் போய் ஒரு குட்டி கேம். 2017-ல் ஏஜென்ட்ஸ் ஆஃப் மேஹெம் என்று அதே உலகத்தை ஒட்டி ஒன்று, அது ஓடவில்லை.

பூமியையே வெடிக்க வைத்த பிறகு அடுத்த பாகத்தை எங்கே வைப்பது? ரீபூட் என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததில் ஆச்சரியமே இல்லை. சிக்கல் ரசிகர்களிடம் இருந்தது. ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் கிடையாது, இரண்டு கூட்டம். ஒன்று இரண்டாம் பாகத்தின் தெரு ரவுடித்தனமும் ரத்தமும் திரும்ப வேண்டும் என்று பத்து வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தது. இன்னொன்று மூன்றாவது நான்காவதன் பைத்தியக்காரத்தனத்தில் வளர்ந்தது. 2021 ஆகஸ்ட் 25 அன்று கேம்ஸ்காம் என்ற கேம் கண்காட்சியின் தொடக்க நிகழ்ச்சியில் ட்ரெய்லரைப் போட்டபோது இரண்டு கூட்டத்துக்கும் அதில் ஒன்றுமில்லை. பழைய பாகங்களின் முக்கியப் பாத்திரமான ஜானி கேட் இல்லை. பழைய ஊர் ஸ்டில்வாட்டர் இல்லை. அதற்குப் பதில் சாண்டோ இலேசோ என்று அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் ஒரு புது ஊர், அங்கே ஒரே வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் நான்கு இளவட்டங்கள்: நீனா, கெவின், ஈலை, அப்புறம் நாம். அப்போது யூட்யூபில் டிஸ்லைக் எண்ணிக்கை வெளியே தெரியும், அதை மறைத்தது அதே வருடம் நவம்பரில்தான். அதனால் அந்த ட்ரெய்லருக்குக் கீழே டிஸ்லைக் குவிந்ததை உலகமே பார்த்தது. வோலிஷன் தரப்பிலிருந்து நாங்கள் எடுத்த முடிவிலிருந்து பின்வாங்கப் போவதில்லை என்று சொன்னார்கள். அதைச் சிலர் தைரியம் என்றார்கள், சிலர் திமிர் என்றார்கள். எனக்குப் பட்டதைச் சொன்னால், வேலை முக்கால்வாசி முடிந்த கேமில் நான்கு முக்கியப் பாத்திரங்களை மாற்றுவது நடக்கிற காரியமே இல்லை, அதனால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

இங்கே ஒரு சின்னத் தகவல். முதலில் அறிவித்த வெளியீட்டுத் தேதி 2022 பிப்ரவரி 25. அந்த வருடம் எல்லோரும் கொண்டாடிய எல்டன் ரிங் கேம் வந்ததும் அதே நாள்தான். நல்ல வேளை, தள்ளி வைத்தார்கள், ஆகஸ்ட் 23-க்கு. தள்ளிப் போட்ட ஆறு மாதமும் கேமை மெருகேற்றத்தான் என்றார்கள்.

சரி, மதிப்பெண். நீங்கள் சொன்ன அறுபது சொச்சம் சரிதான், பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்று எந்தக் கருவிக்கான பதிப்பை எடுத்தாலும் 60-க்கும் 70-க்கும் நடுவில்தான் நிற்கிறது. இதே தொடரின் முக்கிய நான்கு பாகங்களும் பெரும்பாலும் 80-ஐ ஒட்டி வாங்கியவை, அதனால் சறுக்கல் உண்மை. ஆனால் அந்த எண்ணைப் படிக்கும் முறை கேமுக்கு வேறு, சினிமாவுக்கு வேறு என்பது பலருக்குத் தெரியாது. மெட்டாகிரிட்டிக்கில் ஒரு சினிமா 61 எடுத்தால் பச்சை நிறம், பரவலாக வரவேற்பு என்று பெயர். கேம் பச்சை வாங்க 75 வேண்டும். 74 எடுத்தாலும் மஞ்சள், கலவையான வரவேற்பு. ஏனென்றால் கேம் விமர்சனத்தில் பத்துக்கு ஏழு என்பதே சராசரி என்று ஆகிவிட்டது, அதற்குக் கீழே போனால் வாசகர் பாதி கேம் உடைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். நான் எழுதிய காலத்தில் ஒரு கேமுக்கு 6 போட்டு அனுப்பினேன், எடிட்டர் கூப்பிட்டு, இவ்வளவு நல்லதாக எழுதிவிட்டு 6 போட்டால் ஜனங்கள் குழம்புவார்களே, 7 போடட்டுமா என்று கேட்டார். என் கணக்கில் பத்துக்கு ஆறு என்றால் குறைகளோடு பரவாயில்லை ரகம். அவர் கணக்கில் அது ஃபெயில். அவர் சொன்னதுதான் நடைமுறை. இன்னொன்று, மெட்டாகிரிட்டிக் எல்லா விமர்சனத்தையும் சமமாக எண்ணுவதில்லை, சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது, எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. அதனால் 63-க்கும் 66-க்கும் வித்தியாசம் தேடி சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அறுபதுகளில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது அந்த விமர்சனங்கள் என்ன சொல்லின. அப்போது வந்ததில் நிறையவே படித்தேன், ஆடி முடித்த பிறகு சிலவற்றைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். ட்ரெய்லருக்கு வந்த கோபமும் இவையும் ஒன்றில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஜானி கேட் இல்லை என்று மதிப்பெண் குறைத்தவர்கள் அபூர்வம். திரும்பத் திரும்ப வந்த புகார்கள் இரண்டு: கேம் பழசாக இருக்கிறது, கேம் உடைந்திருக்கிறது.

பழசு என்றால் என்ன என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன், நீங்களும் ஆடியிருப்பீர்கள். பிரைட் ஃபியூச்சர் என்று ஒரு தொழில் வரும், நச்சுக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டும் வியாபாரம். ஊரில் ஏதோ ஒரு மூலையில் நிற்கும் லாரியைத் திருட வேண்டும், பின்னால் பீப்பாய்கள், குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாக ஓட்டிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், வேகமாகப் போனால் குலுங்கி சரக்கு போய்விடும். முதல் லாரி ஓட்டும்போது சிரிப்பு வந்தது, நல்ல யோசனை. இரண்டாவதும் சரி. அப்புறம் வரைபடத்தைத் திறந்தால் அதே ஐகான் அங்கங்கே இன்னும் முளைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் அதே வேலை. ஐந்தாவது லாரியில் நான் பாட்காஸ்ட் போட்டுவிட்டேன். கிட்டத்தட்ட ஒவ்வொரு தொழிலும் இந்த அச்சில்தான்: ஒரு நகைச்சுவை, அதைப் பல முறை திருப்பிச் செய். 2011-ல் இதை யாரும் குறை சொல்லவில்லை, ஊர் முழுக்க இஷ்டப்படி சுற்றும் திறந்த உலக கேம் என்றாலே அப்படித்தான் இருந்தது. 2022-ல் எல்டன் ரிங் ஆடி முடித்த விமர்சகர் அறுபது டாலர் முழு விலை கேமில் இதைப் பார்த்தால் பொறுமை இருக்காது. விமர்சனம் ஒப்பிட்டுத்தான் எழுதப்படுகிறது. நீங்கள் ஆஃபரில் கால் விலைக்கோ பாதி விலைக்கோ வாங்கி, தினமும் அரை மணி ஒரு மணி நேரம் ஆடியிருப்பீர்கள். விமர்சகர் மூன்று நான்கு நாளில் மொத்தத்தையும் முடித்துக் கட்டுரை கொடுக்க வேண்டும். அந்த வேகத்தில் திரும்பத் திரும்ப வரும் வேலைகள் உங்களை விட அவரை நாலு மடங்கு கடுப்பேற்றும். இது அந்தத் தொழிலின் உள்குறை, நானும் அதில் மாட்டியவன், ஒரு நீளமான கேமை இரண்டு ராத்திரி தூங்காமல் முடித்துவிட்டு அதன் மேல் எரிந்து விழுந்து எழுதியிருக்கிறேன், பிறகு ஆறு மாதம் கழித்து நிதானமாக ஆடினால் இதையா அப்படித் திட்டினோம் என்று இருந்தது.

உடைந்திருக்கிறது என்ற புகாருக்கு இப்படிச் சமாதானம் கிடையாது. வெளியான வாரத்தில் மிஷன் நகராமல் நின்றுபோவது, ஆட்கள் சுவருக்குள் புகுந்து நிற்பது, கோ-ஆப்பில் இணைப்பு அறுந்துபோவது என்று பல இடங்களிலிருந்து, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத விமர்சகர்களிடமிருந்து ஒரே மாதிரிப் புகார் வந்தது. இத்தனைக்கும் ஆறு மாதம் தள்ளிப்போட்ட பிறகு. முந்தைய இரண்டு வருடத்தில் சைபர்பங்க் 2077-ம் ஜிடிஏ ட்ரைலஜியின் மறுவெளியீடும் உடைந்த நிலையில் வந்து அடி வாங்கியிருந்தன, அதனால் விமர்சகர்கள் பக் (கோளாறு) விஷயத்தில் பொறுமை இழந்த காலம் அது. 2022 நவம்பரில் கோளாறுகளைத் திருத்தும் பெரிய பேட்ச் வந்தது, அதற்குப் பிறகும் சில வந்தன. நீங்கள் ஆடியது இவ்வளவும் திருத்திய பதிப்பு. விமர்சகர் ஆடிய கேமும் நீங்கள் ஆடிய கேமும் பெயரளவில்தான் ஒன்று. மதிப்பெண்ணோ முதல் வாரத்திலேயே உறைந்துவிட்டது, பேட்ச் வந்தது என்று யாரும் திரும்பிப் போய் மாற்றி எழுதவில்லை.

பாராட்டும் இல்லாமல் இல்லை. பாத்திரத்தை நம் இஷ்டத்துக்கு உருவாக்கும் வசதியை ஏறக்குறைய எல்லோருமே புகழ்ந்தார்கள். கேம் வெளியாகும் முன்பே, 2022 ஜூனில், அதை மட்டும் பாஸ் ஃபேக்டரி என்று தனியாக இலவசமாக விட்டார்கள், பலர் மணிக்கணக்காக அதிலேயே கிடந்தார்கள். விங்சூட்டில் பாலைவனத்துக்கு மேல் மிதப்பது, காரைப் பக்கவாட்டில் மோதி எதிரியை நொறுக்குவது, ஷேடி ஓக்ஸ் கிளினிக்கில் வண்டி முன்னால் பாய்ந்து விழுந்து காப்பீட்டுப் பணம் கறக்கும் அந்தப் பழைய கூத்து, இதெல்லாம் எனக்கும் பிடித்தது. காப்பீட்டு மோசடி 2006-ல் இருந்தே இந்தத் தொடரில் இருக்கிறது, இன்னும் சலிக்கவில்லை.

அடுத்து, நீங்கள் கடைசியில் ஒரு வரியில் கேட்ட விஷயம், வோக், அதாவது முற்போக்கு அரசியலைத் திணித்த கேம், என்பதால்தான் தோற்றதா என்று. உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: 2021-ல் வந்த கோபத்தில் அந்தக் குரலும் இருந்தது, சத்தமாகவே இருந்தது. மதிப்பெண் குறைந்ததற்கு அது காரணம் என்று சொல்ல விமர்சனங்களில் ஆதாரம் இல்லை. எழுத்து பலவீனம் என்று விமர்சகர்கள் சொன்னது வேறு அர்த்தத்தில். இந்த நான்கு பேரும் படிப்புக் கடன், வாடகை என்று புலம்பிக்கொண்டு, வீட்டில் வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டு, ரொம்ப நல்ல பிள்ளைகளாகப் பேசுகிறார்கள், வாசலைத் தாண்டினால் நூறு பேரைச் சுட்டுத் தள்ளுகிறார்கள், திரும்பி வந்து மறுபடி நல்ல பிள்ளைகள். மூன்றாம் பாகத்தில் உலகமே பைத்தியம் என்பதால் இது உறுத்தாது. இரண்டாம் பாகத்தில் நம் ஆள் உண்மையிலேயே அயோக்கியன், அதனால் அங்கேயும் உறுத்தாது. இங்கே கேம் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வாடகைக்காகக் கொள்ளையடிக்கிறார்கள் என்பது நல்ல தொடக்கம், இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தால் இதிலிருந்தே ஒரு கதை கிடைத்திருக்கும், நாலு காட்சியில் கைவிட்டுவிட்டார்கள். இது என் அபிப்பிராயம், மறுக்கலாம்.

சாதாரண வாங்குபவர்களின் கருத்து என்ன என்பதை அளப்பது இந்த கேமில் கொஞ்சம் கஷ்டம், அதற்கும் காரணம் உண்டு. பிசியில் முதல் ஒரு வருடம் எபிக் என்ற இணையக் கடையில் மட்டும்தான் கிடைத்தது, பிசி கேம்களின் பெரிய கடையான ஸ்டீமில் இல்லை. ஸ்டீமில் தன் கணக்கில் கேமை வைத்திருப்பவர் மட்டும் எழுதும் விமர்சனம் வரும், எத்தனை மணி நேரம் ஆடினார் என்றும் தெரியும், அதனால் பத்திரிகை ஒன்று சொல்லி ஜனங்கள் வேறொன்று சொன்னால் அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த அளவுகோல் தேவைப்பட்ட நேரத்தில் இல்லை. மெட்டாகிரிட்டிக்கின் பயனர் மதிப்பெண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை, கேமை வாங்காதவரும் அங்கே பூஜ்யம் போடலாம். 2020-லிருந்து, ஒரு கேம் வெளியான முதல் ஒன்றரை நாள் அங்கே மதிப்பெண் போட முடியாதபடி பூட்டி வைக்கிறார்கள், கோபமாக வருகிறவர் ஒன்றரை நாள் காத்திருந்து போடுகிறார்.

கடைசியாக, ஸ்டுடியோ மூடப்பட்டது. தாய் நிறுவனமான ஸ்வீடனின் எம்ப்ரேசர், எதிர்பார்த்த அளவு போகவில்லை, ரசிகர்கள் பிளவுபட்டார்கள் என்ற பொருளில் 2022 நவம்பரில் தன் முதலீட்டாளர்களுக்குச் சொன்னது, வோலிஷனை இன்னொரு துணை நிறுவனமான கியர்பாக்ஸின் கீழ் மாற்றியது. அப்போது மூடும் பேச்சே இல்லை. மறு வருடம் மே மாதம் எம்ப்ரேசர் நம்பியிருந்த 200 கோடி டாலருக்கு மேலான ஒப்பந்தம் ஒன்று கைவிட்டுப் போனது, பங்கு விலை ஒரே நாளில் சரிந்தது. ஜூனில் செலவைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று வோலிஷன் மூடப்பட்டது, 1993-ல் பேரலாக்ஸ் என்ற பெயரில் தொடங்கி முப்பது வருடம். அதே ஆகஸ்டில்தான் கேம் ஒருவழியாக ஸ்டீமுக்கு வந்திருந்தது. அந்தச் செலவுக் குறைப்பில் போனது வோலிஷன் மட்டும் இல்லை, சுமாரான கேம் எதுவும் வெளியிடாத ஸ்டுடியோக்களும் போயின. அதனால் அறுபது மதிப்பெண் மூடியது என்று நான் சொல்ல மாட்டேன். எண்பது எடுத்து நன்றாக விற்றிருந்தால் பட்டியலில் பெயர் வந்திருக்காது என்பது என் ஊகம், ஆனால் பட்டியல் ஒன்று தேவைப்பட்டதே எம்ப்ரேசர் கண்ணை மூடிக்கொண்டு கம்பெனிகளை வாங்கிக் குவித்ததால்தான். சைபர்பங்கைப் பாருங்கள், செயின்ட்ஸ் ரோவை விட மோசமான நிலையில் வந்தது, சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, ஆனால் அதைச் செய்தவர்களிடம் மூன்று வருடம் உட்கார்ந்து திருத்தக் காசு இருந்தது. வோலிஷன் மூடிய அடுத்த மாதம் சைபர்பங்கின் 2.0 வந்து எல்லோரும் கொண்டாடினார்கள்.

உங்களுக்கு இந்தத் தொடர் பிடித்துவிட்டது என்றால் அடுத்து இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். பிசியில் அதன் போர்ட், அதாவது கணினிக்கு மாற்றிய பதிப்பு, ரொம்ப மோசம், எக்ஸ்பாக்ஸ் 360-இன் ப்ராசஸர் வேகத்தை நம்பிச் செய்ததால் வேறு வேகத்தில் ஓடும் கணினியில் கேமே தாறுமாறான வேகத்தில் ஓடும். ஆட ஆரம்பிக்கும் முன் ஜென்டில்மென் ஆஃப் த ரோ என்ற மாட் (ரசிகர் செய்த திருத்தத் தொகுப்பு) போட்டுக்கொள்ளுங்கள், வேகத்தைச் சரிசெய்யும் கருவியையும் சேர்த்துத் தேடி எடுங்கள். அந்த மாடைச் செய்தவர் ஐடல்நிஞ்சா என்ற பெயரில் எழுதிய மைக் வாட்சன். ரசிகராக இருந்து வோலிஷனிலேயே வேலைக்குச் சேர்ந்தார், தொலைந்துபோயிருந்த சோர்ஸ் கோட் (கேமின் மூல நிரல்) 2019-ல் கிடைத்ததும் இரண்டாம் பாகத்துக்கு முறையான பேட்ச் செய்யும் வேலையை அவர்தான் முன்னின்று நடத்தினார். ரீபூட்டின் ட்ரெய்லர் வந்த அதே 2021 ஆகஸ்டில் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த பேட்ச் வெளிவரும் முன்பே ஸ்டுடியோவும் போய்விட்டது, அதனால் இன்றைக்கும் அவருடைய பழைய மாட்தான் கைகொடுக்கிறது.